கோட்டுக்குக் கீழ யாரு, தாயி?

நோயை ஒழிக்க மருந்து மாத்திரையெல்லாம் எதுக்குத் தாயி? வெட்டிச் செலவு. பேனா பிடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு போதும், விடியக்குள்ள ஊர்ல நோயே இல்லைன்னு தண்டோராப் போட்டுறலாம். சிரிக்காத. கானாவிலக்குல டாக்டருக்குப் படிச்சுப்புட்டு, சமூக மருத்துவம்னு கையில டேப்லெட்டத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாக் கணக்கெடுக்க வாரேங்கிற. வா, வேண்டாங்கல. ஆனா இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல உனக்கு முந்தியே வீடு வீடா ஏறி இறங்குனவன் நானு. கூடலூர்லருந்து சின்னமனூரு வரைக்கும் நான் ஊசி குத்தாத விரலு கம்மி. மலேரியாக்காரரு வாராருன்னு தாக்கல் வந்தாலே பிள்ளைக குலுக்கைக்குப் பின்னால போய் ஒளியும். அந்த அனுபவத்துல உனக்குச் சில குறுக்குவழி சொல்லித்தாரேன். நாளைக்குப் பெரிய பதவி கிடைச்சா தாத்தனை மறந்துறாத.

மொத வழி ரொம்பச் சுளுவு. தேடாத.

எங்க சோலியில ரெண்டு கணக்கு உண்டு. ஆயிரம் பேருக்கு வருசத்துக்கு எத்தனை பேருக்கு மலேரியாங்கிறது ஒண்ணு. 1977ல புதுத் திட்டம் கொண்டாந்தப்ப, ஆயிரத்துக்கு ரெண்டும் அதுக்கு மேலயும் இருக்க இடத்துலதான் வீட்டுக்குள்ள மருந்தடிக்கணும்னு வச்சாக. இன்னொண்ணு, வருசத்துக்கு நூத்துக்குப் பத்துப் பேருக்காச்சும் ரத்தம் எடுத்துச் சிலைடுல தடவியிருக்கணும். இந்த ரெண்டாவது கணக்கு எதுக்குன்னு நினைக்கிற? மொதக் கணக்குக்குக் காவல். வெயில்ல நடக்கச் சடைஞ்சுக்கிட்டு டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டா சிலைடு குறையும். சிலைடு குறைஞ்சா மலேரியா குறையும். மலேரியா குறைஞ்சா மேல இருக்கவருக்கு நல்ல பேரு. கொசுவுக்கு இதுல ஒரு சம்பந்தமும் கிடையாது. 1961ல நாடு பூராம் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேருன்னு சுருங்கிப்போன மலேரியா, 1976ல 64 லட்சமா எந்திரிச்சு நின்னுச்சு. மருந்துக்கு மசியாத கொசுவும் வந்துச்சு, மருந்துக்கும் தட்டுப்பாடு. ஒழிஞ்சுருச்சு ஒழிஞ்சுருச்சுன்னு காவலைத் தளத்துனதும் சேந்துக்கிட்டுச்சு.

அது பழைய கதைம்ப. கொரோனாவுக்கு வா. 2020 அக்டோபர், நவம்பர்ல தமிழ்நாட்டு அரசாங்கமே சனங்க ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்துச்சு. நூத்துக்கு 31.6 பேருக்கு, வந்துட்டுப் போன அடையாளம் இருந்துச்சு. அப்படின்னா மாநிலத்துல ரெண்டு கோடிக்கு மேல. அந்நேரத்துக்கு ஆஸ்பத்திரிக் கணக்குல இருந்தது எட்டு லட்சத்துக்கும் கீழ. மிச்சப் பேரு எங்க போனாக? எங்கயும் போகல. வீட்டுல கசாயம் குடிச்சுட்டுக் களையெடுக்கப் போயிட்டாக.

ரெண்டாவது வழிக்குக் கொஞ்சம் படிப்பு வேணும். நோயாளின்னா யாருன்னு நீயே தீர்மானிச்சுக்க.

தொழுநோய்ல நடந்ததைக் கேளு. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழ போயிட்டா, பொதுச் சுகாதாரப் பிரச்சினைங்கிற வரைக்கும் அது ஒழிஞ்சதுன்னு உலக அளவுல ஒரு கோடு போட்டாக. இந்தியா 2005 டிசம்பர்ல அந்தக் கோட்டைத் தாண்டிருச்சு. மருந்தைக் குறை சொல்லல தாயி. கூட்டு மருந்து வந்து எத்தனையோ பேரு விரலையும் மூக்கையும் காப்பாத்திக் குடுத்துச்சு, அதை மறைச்சா வாய் அழுகிப்போகும். ஆனா இன்னொரு வேலையும் உள்ளுக்குள்ள நடந்துச்சு. பட்டியல்ல நோயாளின்னா, இன்னைக்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கவன் மட்டும். 24 மாசம் சாப்பிட வேண்டிய மருந்தை 12 மாசம் போதும்னு மாத்துனா, அவன் பேரு பட்டியல்ல இருக்க காலமும் பாதியாப் போச்சா? உடம்புல இருக்க கிருமி அதே கிருமி, வர்ற ஆளும் அதே ஆளு, பட்டியல் மட்டும் இளைச்சுப்போகும். பத்தாததுக்கு வீடு வீடாப் போய்த் தேடுறதையும் நிறுத்துனாக. 2004-05ல நாட்டுல புதுசாக் கண்டுபிடிச்சது 2 லட்சத்து 60 ஆயிரம் பேரு. அடுத்த வருசம் 1 லட்சத்து 61 ஆயிரம். ஒரே வருசத்துல லட்சம் பேரை விட்டுட்டு விலகிப்போயிருச்சு பாரு, என்ன மரியாதை தெரிஞ்ச கிருமி! 2016ல திரும்பத் தேடப் போனாக. திரும்பக் கிடைச்சுச்சு.

இப்பச் சுகருக்கு வா. இங்க குறுக்குவழி தலைகீழ். நல்லா வேலை பாத்தீன்னா கணக்கு ஏறும், உனக்குத்தான் திட்டு விழும்.

தெனம் காலையில பேப்பரைக் குடுத்ததும் நான் மொதப் பாக்குறது எதை? பெரியாறு அணை. நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனைன்னு மூணு நம்பரு போட்டிருப்பான். மட்டத்தை மட்டும் பாத்துட்டு நேத்து மலையில மழையான்னு சொல்ல முடியுமா? வரத்தைப் பாக்கணும். மதகை அடைச்சுட்டா சொட்டு மழையில்லாமலும் மட்டம் அப்படியே நிக்கும். உன் புஸ்தகத்துல இருக்கதும் இதுதான? இன்னைக்கு எத்தனை பேருக்கு இருக்குங்கிறது மட்டம். இந்த வருசம் புதுசா எத்தனை பேருக்கு வந்துச்சுங்கிறது வரத்து. சுகருக்கு வெளியேற ரெண்டே மதகு. குணமாகுறது ஒண்ணு, அது துருப்பிடிச்சு அடைச்சே கிடக்கு. சாவு இன்னொண்ணு. இலவசமா மாத்திரை குடுத்து, வீட்டுக்கே வந்து சோதிச்சு, அந்த மதகையும் நீங்க பாதி இறக்கிட்டீக. அப்ப மட்டம் ஏறாம என்ன செய்யும்? தமிழ்நாட்டுல பெரியவுக நூறு பேருல 10.4 பேருக்குச் சுகருன்னு 2011ல ஐசிஎம்ஆர் கணக்கு வந்துச்சு. 2023ல வந்த கணக்கு 14.4. அவ்வளவும் புரோட்டாக் கடையால வந்த வரத்தா, இல்ல மாத்திரையை முழுங்கிட்டுச் சாகாமத் திரியிற என்னை மாதிரி ஆளுகளா? மட்டத்தை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. தெரிஞ்ச மாதிரி டிவியில உக்காந்து பேசுறவுகளைக் கண்டா எனக்கே ரெண்டு பாயிண்டு ஏறுது. உனக்கு உடனே குறைச்சுக் காட்டணும்னா மாத்திரையை நிறுத்து. ரெண்டு மூணு வருசத்துல மட்டம் கடகடன்னு இறங்கிரும். பாடை தூக்கத்தான் ஆள் பத்தாது.

இதெல்லாம் ஆபீசுல இருக்கவுக பண்ற வித்தை. டீக்கடையில இருக்கவன் மட்டும் சளைச்சவனா? அவன் வகுக்குற கோட்டுக்குக் கீழ ஒண்ணுமே எழுத மாட்டான். "நம்ம தெருவுல மட்டும் மூணு பேருக்குக் கேன்சருப்பா, எல்லாம் திராட்சைக்கு அடிக்கிற மருந்து"ம்பான். மருந்துக்கு நான் வக்காலத்து வாங்கல. மூக்குல துணிகூடக் கட்டாம அடிச்சுட்டு அந்தக் கையோட பீடி பத்தவைக்கிற பயலுகளைக் கண்டா எனக்கு வயித்தைக் கலக்குது. இருந்தாலும் மூணுன்னா எத்தனை பேருல மூணு? எத்தனை வருசத்துல? அவுக வயசு என்ன? நம்ம தெருவுல வயசுப் பயலுக பூராம் திருப்பூரு, சென்னைன்னு கிளம்பிட்டாக. மிச்சம் இருக்கது பொக்கை வாயும் வெத்தலை உரலும்தான். கேன்சரு வயசானவுகளைத்தான் அதிகமாத் தேடி வரும். நம்ம தெருவையும் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனித் தெருவையும் வயசைச் சமன் செய்யாம அப்படியே நிறுத்துப் பாத்தா, மருந்தே அடிக்காட்டியும் நாமதான் தோப்போம். மருந்தைப் பிடிக்கணும்னா ஒரே வயசுக்காரவுகள்ல அடிச்சவனையும் அடிக்காதவனையும் வச்சுப் பாக்கணும். அதுக்கு வருசக்கணக்காகும். டீ அதுக்குள்ள ஆறிப்போகும்ல, அதான் பேசிட்டு எந்திரிச்சுப் போயிர்றாக.

மேல மட்டும் எழுதி வைக்கிறது இன்னைக்கு நேத்துப் பழக்கமில்லை. பெரியாறு அணையைக் கட்டுன பென்னிகுவிக் தொரைய நாம கும்பிடுறோம், பிள்ளைக்குப் பேரு வைக்கிறோம், லோயர் கேம்புல மணிமண்டபம் இருக்கு. அணை கட்டுறப்ப நோயில செத்தவுக 483 பேருன்னு கணக்கு சொல்றாக. அணைக்குப் பக்கத்துலயே புதைச்ச இடமும் இருக்கு. சரி, 483 அதிகமா, கம்மியா? எத்தனை ஆயிரம் பேரு மலையேறுனாக, ஒவ்வொருத்தரும் எத்தனை மாசம் அந்தக் காட்டுல கிடந்தாகங்கிறதைக் கீழ எழுதாம எப்படிச் சொல்லுவ? காய்ச்சலோட இறங்கி வந்து கம்பத்துல சொந்த வீட்டுத் திண்ணையில உசுர விட்டவனை எந்தக் கல்லறையில போய் எண்ணுவ? அணை முடிஞ்சது 1895ல. மலேரியாவுக்குக் காரணம் கொசுன்னு ராஸ் தொரை கண்டுபிடிச்சது 1897ல. ரெண்டு வருசம் முந்திக்கிட்டாக, பாவம்.

அந்தக் காலத்துல கொஞ்சம் ஒழுங்கா வகுத்தாகன்னா அது எலியைத்தான். நம்ம பள்ளத்தாக்குல பிளேக்கு இருந்துச்சு, தெரியுமா? வீட்டுக்குள்ள எலி செத்து விழுந்தா ஊரைக் காலி பண்ணிட்டுத் தோட்டத்துல குடிசை போட்டுப் படுப்பாகன்னு எங்கய்யா சொல்லுவாரு. ஜார்ஜ், வெப்ஸ்டர்ன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரவுக இங்க விசாரிச்சு, கம்பம் பள்ளத்தாக்குப் பிளேக்கைப் பத்தி 1934ல இந்திய மருத்துவ ஆராய்ச்சி சஞ்சிகையில எழுதுனாக. பிளேக்கை ஆராயிறவுகளுக்கு எலியில தெள்ளுப்பூச்சி இருந்துச்சுன்னு சொன்னாப் பத்தாது. எலி ஒண்ணுக்குத் தெள்ளுப்பூச்சி எத்தனைன்னு சராசரி போடுவாக. பிடிச்ச எலி எத்தனைன்னு கீழ, சீவி எடுத்த பூச்சி எத்தனைன்னு மேல. அம்மணமாக் கிடக்க எலிக்கே அந்த மரியாதை. மனுசனுக்குத்தான் வகுக்க ஆளில்லை.

மனுசன் சாவை எழுதுனது கிராம முன்சீப்பு. 1899லயே மெட்ராஸ் மாகாணத்துல பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்துருச்சு. தலையாரி வந்து சொல்லுவான், முன்சீப்பு எழுதுவாரு. காலரா, அம்மை, பிளேக்குன்னு கட்டம் இருக்கும். எந்தக் கட்டத்துலயும் அடங்காத சாவைக் காய்ச்சல்னு போட்டுருவாரு. கிணத்துல விழுந்தவனுக்கு மட்டும் போடமாட்டாருன்னு நினைக்கிறேன். அதை நக்கல் அடிச்சுட்டுப் போயிறலாம், ஆனா கேக்கத் தெரிஞ்ச ஆளு கேட்டா அந்தக் கட்டத்தை உடைக்கலாம். கஜலட்சுமின்னு ஒரு டாக்டரம்மா சென்னையில 48,000 சாவு, விழுப்புரம் பக்கம் 32,000 சாவுன்னு வீடு தேடி ஆளனுப்பிக் கேட்டாக. 2004ல கட்டுரையா வந்துச்சு. போனவுக டாக்டரு இல்ல, பட்டம் படிச்ச சாதாரணப் பிள்ளைக. செத்தவருக்கு எத்தனை நாளா இருமல், வலி எங்க, சோறு இறங்குச்சான்னு பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதுனதை வச்சு டாக்டருக காரணத்தைப் பிரிச்சாக. காய்ச்சலு, வயசாயிருச்சுன்னு மூடிவச்ச கட்டத்துக்குள்ளருந்து காசமும் கேன்சரும் நெஞ்சுவலியும் எந்திரிச்சு வந்துச்சு.

சரி, நம்ம மாவட்டத்துக்கு வாரேன். இதைத்தான் உங்கிட்டச் சொல்லணும்னு நினைச்சேன்.

தேனிப் பக்கத்து அம்பாசமுத்திரத்துல பொறந்தவரு டாக்டர் நம்பெருமாள்சாமி. மதுரை அரவிந்த் கண்ணாஸ்பத்திரியில பெரிய கையா இருந்தவரு. அவுகளும் கூட இருந்தவுகளும் தேனி மாவட்டத்துல ஊரு ஊராப் போயி, 30 வயசுக்கு மேற்பட்ட 25,969 பேரைச் சோதிச்சாக. சுகரு இருக்கா, இருந்தா அது கண்ணுக்குள்ள விழித்திரையைத் தொட்டுருச்சான்னு பாத்தாக. 2009ல லண்டன்ல வர்ற கண்மருத்துவச் சஞ்சிகையில வந்துச்சு. வீட்டுல உக்காந்திருக்கவனை எதுக்குச் சோதிக்கணும், ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்டுனாப் போதாதாங்கிற? போதாது. சுகருக்கண்ணு வலிக்காது. சிவக்காது. பஸ்சு நம்பரு தெரியும், பேத்தி கல்யாணப் பத்திரிகை தெரியும், உள்ள ரத்தக்குழாய் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒருநா திரை விழுந்ததும்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவான். நோட்டுல அந்த ஓடிவந்தவன் மட்டும்தான் இருப்பான். கண்ணழுத்த நோய்லயும் இதே கதைதான். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடியில 40 வயசுக்கு மேல 5,150 பேரை அரவிந்த்காரவுக பாத்தப்ப, பரவலா வர்ற வகை கண்ணழுத்தம் இருந்தவுகள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல அன்னைக்கு வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

தேனிக் கணக்குக்குத் திரும்பு. கண்ணுல சுகரு ஏறுனவுக ஏறக்குறைய முந்நூறு பேரு. இந்த முந்நூறை, சோதிச்ச அத்தனை பேருக்கும் கீழ வகுத்துப் பாரு. நூத்துக்கு ஒருத்தருக்குக் கொஞ்சம் மேலன்னு வரும். அதே முந்நூறைச் சுகர்க்காரவுகளை மட்டும் கீழ வச்சு வகு. நூத்துக்குப் பன்னெண்டு பேரு. மேல இருக்க முந்நூறு பேரும் அசையவேயில்லை, அதே ஆளுக, அதே கண்ணு. கோட்டுக்குக் கீழ ஆளை மாத்துனதும் நோயி பத்து மடங்கு வீங்கிருச்சு.

இதுல எது பொய்யின்னு கேக்காத, ரெண்டும் நெசம். மாவட்டத்துக்கு லேசர் மிஷினு எத்தனை வாங்கணும், கண் டாக்டரு எத்தனை பேரு வேணும்னு கேக்குறவனுக்கு மொதக் கணக்கு. சுகர்க்காரன் ஒருத்தன் எதுத்தாப்புல உக்காந்து, "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே, நான் எதுக்குக் கண்ணைக் காட்டணும்"னு கேட்டா அவனுக்கு ரெண்டாவது. ஆனா மிஷினு விக்க வர்றவன் கலெக்டர் ஆபீசுல பன்னெண்டைச் சொல்லுவான், காசு ஒதுக்க மனசில்லாதவன் ஒண்ணைச் சொல்லுவான். ரெண்டு பேருமே அதே கட்டுரையைத்தான் கையில வச்சிருப்பான். நீ நடுவுல உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருக்காம, கீழ யாருன்னு ஒரே ஒரு கேள்வி கேளு. கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாக. சுளிச்சாத்தான் கேள்வி சரி.

கீழ யாருங்கிறதுல இன்னொரு கூத்தும் இருக்கு. உத்தமபாளையத்துக்காரன் மதுரைப் பெரியாஸ்பத்திரியில செத்தா, சாவு எந்த ஊர்ல பதிவாகும்? மதுரையில. செத்த இடத்துலதான் பதியணும்னு சட்டம். இருக்க ஊரையும் கேட்டு எழுதுறாக, ஆனா கூட்டிச் சொல்றவன் அதைப் பிரிக்காம விட்டான்னா, மதுரை தண்ணியிலயே விசம் இருக்க மாதிரியும் நம்ம பக்கம் எவனும் சாகாத மாதிரியும் தெரியும். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்காரவுக 2012லருந்து மாநிலம் பூராத்துக்கும் வைக்கிற கேன்சர் பதிவேட்டுல இந்தக் குழப்பம் வேண்டாம்னு, வைத்தியம் எங்க பாத்தாலும் குடியிருக்க ஊரு கணக்குலதான் ஏத்துறாக. கூடலூர்க்காரன் மதுரையில கட்டில்ல கிடந்தாலும் கூடலூரான்தான்.

ஆனா நம்ம ஏலக்காய்ச் சனத்தை எங்க ஏத்துவ? விடியிறதுக்கு முந்தியே கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டுன்னு ஜீப்பு மலையேறிருது. பொம்பளையாளுகதான் அதிகம், பத்துப் பேரு உக்கார்ற வண்டியில எத்தனை பேருன்னு போலீசுக்கே கணக்குத் தெரியாது. பகல் பூராம் கேரளாக்காட்டுல கொசுவும் அட்டையும் கடிக்கும், மருந்து நெடி ஏறும். ராத்திரிக்கு இங்கிட்டு வந்து படுப்பாக. அங்கிட்டுக் கணக்கெடுக்கிறவன் இவுக தமிழ்நாடும்பான். இங்க கணக்கெடுக்கிற நீ காலையில பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டுவ. பூட்டியிருக்கும். ஆள் இல்லைன்னு ஒரு தட்டுத் தட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போவ. கடைசியில உனக்கு ஆப்பிட்டது யாரு? நானும் உங்கப்பத்தாவும், திண்ணைக்கு ரெண்டு கெழடும். எல்லாருக்கும் சுகரு, எல்லாருக்கும் முழங்காலு, பாதிப் பேருக்குக் காது கேக்காது. நூத்துக்கு எண்பதுன்னு எழுதிட்டுப் போயிருவ. மறுநா பேப்பர்ல கம்பம் பள்ளத்தாக்கே படுத்த படுக்கைன்னு வரும், உன் பேருக்கு ஒரு பொன்னாடை விழும்.

அதனால ஞாயித்துக்கிழமை வா. அன்னைக்குத்தான் ஜீப்பு ஓடாது. காலையிலயும் வராத, கறி எடுக்கப் போயிருப்பாக. துணியெல்லாம் துவைச்சுக் காயப்போட்டுட்டு வாசல்ல உக்காந்து பேன் பாக்குற நேரமா, சாயந்தரம் நாலு மணிக்கு மேல வா. என் விரலையும் தாரேன், குத்திக்க. கூடியிருந்தா மேல எழுதிக்க, எப்படியும் கீழயும் நான்தான் இருப்பேன். நம்பரை மட்டும் உங்கப்பத்தாகிட்டச் சொல்லித் தொலைச்சுறாத. கருப்பட்டிக் காப்பிய நிறுத்திப்புடுவா.